மழை விடுமுறை நாளில் மழையை யார் அளப்பது?

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில் புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே இருக்கிறது வடமாலபேட்டை. முன்பு சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். சுற்றிலும் பாறைக் கரடுகள், இடையிடையே மாந்தோப்பும் ஏரிப் பாசன வயலும். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர்ப்பக்கம் இது. பெரியவர் ‘ஏரி’ என்பார், பேரன் ‘செருவு’ என்பான். இருவரும் ஒரே தண்ணீரைத்தான் சொல்கிறார்கள். இந்த வட்டாரத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழை முக்கியம். அது வந்தால் கிணறு ஊறும், வராவிட்டால் போர்வெல் இன்னும் ஆழம் போகும்.

இங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் மழைமானி வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடையில் வாங்கத் தேவையில்லை. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று போதும். மேல்பகுதி சரிந்து குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டி, வெட்டிய தலையைக் கவிழ்த்து அதே பாட்டிலுக்குள் புனலாக வைக்க வேண்டும். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனால் கூழாங்கல் போட்டு, பக்கச்சுவர் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யக் கோடு போட்டு, அங்கிருந்து மேல்நோக்கி ஒரு ஸ்கேலை ஒட்ட வேண்டும். வாயும் உடலும் ஒரே அகலம் என்பதால் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் ஏறினால் பெய்த மழை ஒரு மில்லிமீட்டர். வெயில் நாளில் அடித்தண்ணீர் ஆவியாகிக் கோட்டுக்குக் கீழே போய்விடும். தினமும் காலையில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது என்று நினைக்கிறேன். அதைச் செய்யும்போதே, மழையை ஏன் லிட்டரில் சொல்லாமல் நீளத்தில் சொல்கிறோம் என்ற கேள்வி வந்துவிடும். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் பள்ளிக் கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 2500 லிட்டர். பிள்ளைகள் தாமாகவே அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள்.

சிக்கல் இனிமேல்தான். இந்திய வானிலைத் துறை நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழையளவைக் குறிக்கிறது. பள்ளிக் கணக்கும் நாட்டுக் கணக்கும் ஒத்துப்போக வேண்டுமென்றால் பள்ளியிலும் அதே நேரத்தில் பார்க்க வேண்டும். ஆனால் மழைக்காலத்தின் தொடக்கத்திலேயே தசரா விடுமுறை, அதன் பின்னாலேயே தீபாவளி. இவற்றுக்கு மேல் ஒன்று: கனமழை என்றால் கலெக்டர் விடுமுறை அறிவிப்பார். ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.5ஐத் தொட்டால் அதிகனமழை என்பது வானிலைத் துறையின் வகைப்பாடு. எந்த நாட்களின் எண் நமக்கு மிகவும் தேவையோ அந்த நாட்களில்தான் பள்ளி பூட்டிக் கிடக்கும். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியபோது, ராயலசெருவு உடைந்துவிடுமோ என்று கரையோர ஊர்கள் தூக்கமின்றி விழித்திருந்தபோது, எந்தப் பள்ளியும் நடக்கவில்லை.

மழைக்காக விடுமுறை விட்ட நாளில் மழையை யார் அளப்பது? அறிவியலாளருக்கு அது தரவில் விழும் ஓட்டை. ஆசிரியருக்கோ அது பள்ளியின் பின்சுவரை ஒட்டிய வீட்டில் குடியிருக்கும் ஒரு பிள்ளையின் முகம்; விடுமுறையில் பாட்டிலை அவள் வீட்டு வாசலில் வைக்கலாம். எந்த வீட்டு வாசலில் மரநிழல் விழாது, எந்தப் பிள்ளை காலையில் எழுந்து பார்ப்பாள், எந்த வீட்டில் ஆடு வந்து பாட்டிலைத் தட்டிவிடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அறிவியலாளரும் ஆசிரியரும் சேர்ந்து சுற்றுச்சூழல் அறிவியலைக் கைப்பட நடத்துவது பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் சொல்லத் தோன்றியது இதுதான். ஆசிரியருடைய இந்த அறிவை அறிவியலின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்ட முயற்சிகள் நீடித்தன. அதை ஏற்காமல், பாடத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆளாக மட்டும் ஆசிரியரை வைத்த முயற்சிகள் திறப்புவிழாப் புகைப்படத்தோடு முடிந்தன.

இதற்கு நம் நாட்டில் ஆழமான சான்று மத்தியப் பிரதேசத்தில் அப்போது ஹோஷங்காபாத் என்று அழைக்கப்பட்ட மாவட்டம். 1972இல் அந்த மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில், ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்காக, ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையமும் சேர்ந்து நடத்தின. கிஷோர் பாரதியைத் தொடங்கிய அனில் சத்கோபால், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியலாளராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்தவர். அதே நிறுவனத்திலிருந்தும் டெல்லி பல்கலைக்கழகத்திலிருந்தும் அறிவியலாளர்கள் வந்து, கோடை விடுமுறையில் கிராமத்து ஆசிரியர்களோடு வாரக்கணக்கில் உட்கார்ந்து சோதனைகளைச் செய்து பார்த்தார்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளின் இடத்தில் இருந்து அத்தனை சோதனைகளையும் தங்கள் கையால் செய்தார்கள்.

அந்தத் திட்டத்தின் ‘பால் வைஞானிக்’ பாடநூலில் விடைகள் இருக்காது. சோதனை இருக்கும், கேள்வி இருக்கும்; விடையைப் பிள்ளைகள் தாங்கள் கண்டதிலிருந்து எழுத வேண்டும். தேர்வில் புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி வேண்டும் என்றால் கருவேல முள் போதும் என்று ஆயிற்று. 1978இல் அங்கே வந்த அரவிந்த் குப்தா என்ற ஐ.ஐ.டி. பொறியாளர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு வடிவியல் உருவங்கள் செய்யும் முறையை அங்கேதான் உருவாக்கினார். நாடு முழுக்கப் பிள்ளைகள் பழையதிலிருந்து பொம்மை செய்து அறிவியல் படித்ததற்கு அது ஒரு தொடக்கம்.

ஆனால் அதன் உயிர் கருவிப் பெட்டியில் இல்லை, மாதாந்திரக் கூட்டத்தில் இருந்தது என்பது என் கணிப்பு. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை ஓரிடத்தில் கூடுவார்கள். எந்தச் சோதனை வகுப்பில் நடந்தது, எது சொதப்பியது, பிள்ளைகள் எதிர்பாராமல் என்ன கேட்டார்கள் என்று பேசுவார்கள். அந்தப் பேச்சு பாடநூல் எழுதுபவர்களிடம் போகும். அத்தியாயம் திருத்தி எழுதப்படும். நாளடைவில் ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர்கள் வந்தார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியரும் கிராமத்து ஆசிரியரும் ஒரே மேசையில் வாதம் செய்தார்கள், சில கேள்விகளுக்கு இருவருமே “தெரியாது, பார்ப்போம்” என்றார்கள். அந்த ஒரு சொல்லை வகுப்பில் கூச்சமில்லாமல் சொல்ல நம் ஆசிரியருக்கு யார் இடம் கொடுத்திருக்கிறார்கள்? பிள்ளைகளுக்கு ‘சவாலிராம்’ என்ற கற்பனை ஆளின் பெயரில் ஒரு முகவரி இருந்தது. தோன்றிய கேள்வியை அவருக்குக் கடிதமாக எழுதிப் போடலாம், பதில் வரும்.

1978இல் மாவட்டம் முழுவதற்கும் பரவிய திட்டத்தை 1982இல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு எடுத்து நடத்தியது. கடைசியில் சுமார் ஆயிரம் பள்ளிகள், 15 மாவட்டங்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் பிள்ளைகள். அரசுப் பள்ளிகளில், அரசு ஆசிரியர்களைக் கொண்டு, முப்பது ஆண்டுகள். 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. முப்பது ஆண்டு உழைப்பில் ஊறிய ஆசிரியர் கூட்டத்தைக் கலைக்க ஒரு ஆணை போதுமானதாக இருந்தது.

சித்தூர்ச் சீமைக்கும் இந்த வகையில் தனி வரலாறு உண்டு. அது தமிழ்நாட்டு வகுப்பறை வரைக்கும் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. மதனப்பள்ளிக்காரரான ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் எழுந்த ரிஷி வேலி பள்ளி, தன்னைச் சுற்றியிருந்த வறண்ட பள்ளத்தாக்கில் மரம் வளர்த்தது, மழைநீரைத் தேக்கியது. 1991இல் பள்ளத்தாக்கையே பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. அதன் கிராமியக் கல்வி மையம் சுற்றுப்புற ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தி, பாட அட்டைகளும், அவற்றைப் படிப்படியாக அடுக்கிய ‘ஏணி’யும் கொண்ட பல்வகுப்புக் கற்பித்தலை உருவாக்கியது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அதன் ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் கொண்டுவந்து, 2007க்குள் தமிழ்நாடு முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலின் வேர் அந்த ஏணியில்தான் இருக்கிறது. நடுநிலை வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வி அதைத் தொடர்ந்த முயற்சி.

ரிஷி வேலியில் படித்து, வங்கி வேலைக்குப் போய், அதை விட்டுவிட்டுத் திரும்பி வந்த ராம்ஜி ராகவன் 1999இல் தொடங்கியது அகஸ்தியா அறக்கட்டளை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சந்திக்கும் குப்பத்தில் அதற்கு 172 ஏக்கர் வளாகம். பாறையும் புதருமாகக் கிடந்த நிலத்தை மரமும் குளமுமாக மாற்றி, அந்த நிலத்தையே பாடமாக்கினார்கள். பெங்களூரிலிருந்து அறிவியலாளர்கள் வந்து தோள் கொடுத்தார்கள். சோதனைக் கருவிகளை ஏற்றிய வண்டிகள் கிராமப் பள்ளிகளுக்குப் போகின்றன. வண்டி போக முடியாத இடத்துக்கு மோட்டார் சைக்கிளில் பெட்டி போகிறது. பிள்ளைகளே மற்றப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் முறையும் அங்கே உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான்; மற்றொருவருக்கு விளக்கும்போது தனக்கு எது புரியவில்லை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடுகிறது.

ஒரு வரம்பையும் இங்கே சொல்ல வேண்டும். வண்டி வரும் நாள் பிள்ளைகளுக்குத் திருவிழா. மறுநாள் காலை வகுப்பில் இருப்பது அதே ஆசிரியர், அதே கரும்பலகை. பனித்துளியும் பூச்சியும் மழையும் வண்டி வரும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. சுற்றுச்சூழல் அறிவியல் மற்ற அறிவியல் போல ஒரு பிற்பகலில் முடியும் சோதனை அன்று. அதற்கு ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் ஒருவர் வேண்டும். பள்ளியில் அப்படி நிற்பவர் ஆசிரியர் மட்டுமே.

பக்கத்து வயலிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 2003லிருந்து சில ஆண்டுகள், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆதரவோடு, அன்றைய ஆந்திரத்தின் வறட்சி மாவட்டங்கள் ஏழில் உழவர்களே நிலத்தடி நீரை நிர்வகிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. சித்தூர் அவற்றில் ஒன்று. அங்கே உழவர்கள், ஆணும் பெண்ணுமாக, தினமும் மழையை அளந்தார்கள். குறித்த இடைவெளியில் கிணற்றில் நாடா விட்டு நீர்மட்டத்தைப் பார்த்தார்கள். ஊர்ச் சுவரில் எழுதினார்கள். பயிர் வைக்கும் முன் ஊரே கூடி, நிலத்துக்கடியில் இவ்வளவு இருக்கிறது, இந்தப் பயிர் வைத்தால் இவ்வளவு போகும் என்று வரவு செலவு போட்டது. நீரியலாளர்கள் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் எண் ஊராருடையது. நெல்லைக் குறைத்துக்கொண்டு வேறு பயிருக்குப் போன ஊர்கள் உண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் உழவருக்கு ஒரு கிராஃப் புரிந்தது என்றால், அது தன் கிணற்றின் கிராஃப் என்பதுதான் காரணம். அந்த உழவரின் பேத்தி இன்றைக்கு ஏழாம் வகுப்பில் நீர்ச்சுழற்சிப் படத்தை வண்ணப் பென்சிலால் வரைந்துகொண்டிருக்கிறாள். அவள் வீட்டுக் கிணறு அந்தப் படத்தில் இல்லை.

பிள்ளைகள் எடுக்கும் கணக்கை அறிவியல் நம்புமா? நேர்மையான கேள்வி. உலக அளவில் 1995இல் தொடங்கிய ‘குளோப்’ திட்டம் இதற்காகவே ஒவ்வொரு அளவீட்டுக்கும் அறிவியலாளர்களைக் கொண்டு விதிமுறை எழுத வைத்தது. இந்தியா அதில் 2000த்தில் சேர்ந்தது. நம் ஊருக்கு நெருக்கமானது ‘சீசன்வாட்ச்’. 2010 வாக்கில் பெங்களூரின் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தையும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையையும் சார்ந்த சூழலியலாளர்கள் தொடங்கிய இதில், ஒரு பிள்ளை ஒரு மரத்தைத் தத்தெடுத்து வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைதான்: இல்லை, கொஞ்சம், நிறைய. மரத்தில் எத்தனை பூ என்று எண்ணச் சொன்னால் பத்துப் பிள்ளைகள் பத்து எண் சொல்வார்கள். அது யாருக்கும் உதவாது. ‘கொஞ்சமா நிறையவா’ என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும். கேள்வியை எளிதாக்கியதால் பதில் உறுதியாகிவிட்டது. கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் பெருமளவில் சேர்ந்தார்கள். விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை எப்போதெல்லாம் பூக்கிறது என்று இனி பாட்டியின் நினைவை மட்டும் நம்பி வாதிட வேண்டியதில்லை. இந்தப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு 2021இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் ஆய்வுக்கட்டுரையே வந்தது.

வடமாலபேட்டைப் பக்கத்துப் பள்ளிக்கு மரம் தேட வேண்டுமா? மாமரம் ஒன்று போதும். தை மாதப் பூவைப் பார்த்துத்தான் இங்கே பல வீடுகளில் கல்யாணச் செலவைக் கணக்கிடுகிறார்கள். பூ எந்த வாரம் வந்தது, பனியில் கருகியதா, எந்த வாரம் பிஞ்சு உதிர்ந்தது என்று பத்து ஆண்டுக்கு ஒரு பள்ளி எழுதி வைத்தால் அதைக் கேட்டு முதலில் வருபவர் தோப்புக்காரராகத்தான் இருப்பார்.

ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. பாகாலா பக்கம் கடங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. 32 வரிசை, வரிசைக்கு 32 என்று 1024 ஆன்டெனாக்களைத் தரையில் நட்டு, தலைக்கு மேலே காற்று எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கும் ரேடார் அங்கே இயங்குகிறது. ஏர்ப்பேடு பக்கம் 2015இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் ஐசர் என்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் அடுத்தடுத்து நிற்கின்றன. திருப்பதியில் வட்டார அறிவியல் மையம் இருக்கிறது. சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது. ஆணையும் இருக்கிறது, ஆய்வகமும் இருக்கிறது. மேகத்தைப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பார்க்கும் ஆய்வாளருக்கு, கரடுக்கு இந்தப்பக்கம் பெய்து அந்தப்பக்கம் பெய்யாமல் போன மழையைத் தரையிலிருந்து சொல்ல ஆள் வேண்டும். மண்டலத்துக்கு ஒன்றிரண்டு தானியங்கிக் கருவியால் அதைச் சொல்ல முடியாது. இருபது பள்ளிகளில் இருபது பாட்டில்கள் இருந்தால் முடியும். நாராயணவனம், பிச்சாட்டூர் பக்கம் பெய்யும் மழை ஆரணியாற்றில் இறங்கி, ஊத்துக்கோட்டை வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகிறது. பிச்சாட்டூர் அணை திறந்தால் திருவள்ளூர் மாவட்டத்துக் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போகும். இங்கே ஒரு பிள்ளை எழுதும் எண்ணுக்கு மாநில எல்லை தாண்டியும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஆசிரியருக்கு நேரம் எங்கே? கணக்கெடுப்பு, செயலியில் பதிவேற்றம், மதிய உணவுக் கணக்கு, தேர்தல் வேலை. இவற்றில் ஒன்றையும் குறைக்காமல் புதிதாக ஒன்றைத் தலையில் வைத்தால் எந்த ஆசிரியரும் ஏட்டில் எண்ணை நிரப்பி அனுப்புவார்; அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஹோஷங்காபாத்தில் மாதாந்திரக் கூட்டம் வேலை நாளில், வேலையாகவே நடந்தது. இங்கேயும் அதுதான் முதல் தேவை. மாதம் ஒரு நாள், ஆசிரியர்களும் ஓர் ஆய்வாளரும், அந்த மாதத்து மழை நோட்டுகளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அந்த மேசைக்கு இன்னொரு பொருளையும் கொண்டுபோகச் சொல்வேன்: இரண்டு பக்கமும் மூடி நீக்கிய பால்பவுடர் டின். மண்ணில் நாலு விரல் ஆழத்துக்குப் பலகை வைத்து அடித்து இறக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, முழுதும் உறிஞ்ச எத்தனை நொடி என்று எண்ண வேண்டும். பிள்ளைகள் ஓடி ஓடி இறுகிய விளையாட்டுத் திடலில் தண்ணீர் அப்படியே நிற்கும். எண்ணி எண்ணி வாய் வலிக்கும். பத்தடி தள்ளிப் புங்க மரத்தடிச் சருகை விலக்கி ஊற்றினால் மளமளவென்று இறங்கிவிடும். மழை எவ்வளவு பெய்தது என்று பாட்டில் சொல்லும், அதில் எவ்வளவு கிணற்றுக்குப் போகும் என்று டின் சொல்லும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் கேள்வி பாடநூலிலிருந்து வராது. ஒரு பிள்ளை திடலிலிருந்து மரத்தடிக்கு நடக்கும் அந்தப் பத்தடியில் அது பிறக்கும்.

மழை நோட்டில் சாதாரணமாக இரண்டு கட்டங்கள் போடுவார்கள்: தேதி, மில்லிமீட்டர். மூன்றாவதாக ‘அளந்தவர்’ என்று ஒரு கட்டம் வேண்டும். விடுமுறை நாட்களில் அந்தக் கட்டம் எப்படி நிரம்புகிறது என்று பார்க்கலாம். தசரா வாரத்தில் பின்சுவர் வீட்டுப் பிள்ளையின் பெயர் ஏழு முறை இருக்கும். கனமழை விடுமுறையன்று, தூக்கம் கலையாத பிள்ளைக்குப் பதிலாக யாரோ குடை பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பாட்டிலைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்திருப்பார்கள். அன்றைய தேதிக்கு நேரே 118 என்றும், அடுத்த கட்டத்தில் ‘அம்மா’ என்றும் எழுதியிருக்கும்.